கழுத்துப்பட்டைக் குறி

சனிக்கிழமை என்றால் பகல் ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். கப்பல் கம்பெனியில் எழுத்துவேலை பார்த்த மற்றக் கிராணிகளில் சிலர் படம் பார்க்கப் போவார்கள், சிலர் பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போவார்கள். அப்துல் முத்தலிப் மட்டும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுங்கை ரோட்டுக்கு நடப்பார்.

ஊர் அதைத் திருட்டுச் சந்தை என்றுதான் சொல்லும். தார்ப்பாயை விரித்து, உலகத்தில் யாருக்கும் வேண்டாத சாமான்களையெல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம், மூடி தொலைந்த கெண்டி. அவற்றுக்கு நடுவே பட்டாளத்துச் சாமான்களுக்கென்றே ஒரு தார்ப்பாய் உண்டு. அது அஹமது கபீருடையது. அப்போது 1957ஆம் வருஷம். சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் பட்டாளத்துச் சாமான் அந்தச் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

“வாங்க கிராணி சாப், வாங்க! இன்னைக்கு உங்களுக்குன்னு ஒரு ஜெனரலையே புடிச்சு வச்சிருக்கேன்” என்பான் கபீர். காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு பித்தளைச் சின்னம் இருக்கும்.

“ஜெனரல் இல்லப்பா. வீணை மாதிரி ஒண்ணு போட்டிருக்கு பாரு. இது பேண்டு வாசிக்கிறவன் கையில குத்துறது.”

“அட, பாட்டுக்காரனா? பரவாயில்லலா, சுட்டவனைவிட ஊதினவன் நல்லவன். எடுத்துக்குங்க.”

முத்தலிப் சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். தொப்பிச் சின்னம், தோளில் குத்தும் பித்தளை எழுத்து, தண்ணீர்க் குடுவை, அலுமினியச் சாப்பாட்டுத் தட்டு. பாசறையிலிருந்து வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலரும் சின்னம் சேர்க்கிறவர்கள்தான். அவர்கள் பளபளப்பாக இருப்பதை எடுப்பார்கள். இவர் நசுங்கியதையும் பாசி பிடித்ததையும் எடுப்பார். ஜப்பான்காரர் சாமான் என்றால் தொடவே மாட்டார். துணி ஏதாவது கிடந்தால் மட்டும் அவர் விரல் ஒரு நொடி தயங்கும். எடுத்து, கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பார்.

“எதைத்தான் தேடுறீங்க சாப்? சொன்னா நானும் தேடுவேன்ல.”

“கெடைச்சா சொல்றேன்பா.”

ஏழு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

டன்லப் ஸ்திரீட்டில் பிரம்புக்கூடைக் கடைக்கு மேலே அவருடைய மாடியறை. அலமாரியில் துணி இருக்கவேண்டிய தட்டுகளில் சிகரெட் டின்கள் அடுக்கி இருக்கும். ஒவ்வொரு டின்னிலும் பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு சின்னம். மூடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் எந்தப் படை, எங்கே கிடைத்தது, என்ன தேதி என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார். பித்தளையை அவர் துலக்க மாட்டார். கறுப்பைத் தேய்த்தால் பின்பக்கத்துக் கீறலும் சேர்ந்து போய்விடும். கீறலில்தான் சில பேர் தங்கள் நம்பரை எழுதி வைத்திருப்பார்கள். நூலகத்தில் உட்கார்ந்து படைகளின் சரித்திரம் படித்துப் படித்து நிறைத்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும் ஒன்பது.

அதே மாடியில் பின்கட்டில் சம்சுன்னிசா குடியிருந்தாள். இடியாப்பம் அவித்து விற்கிறவள். புருஷன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி நாள் கடலில். “மௌத்தாப் போனவங்க சாமானையெல்லாம் கூட்டி வச்சுக்கிட்டு எப்படித்தான் இந்த ரூம்ல இருக்கீங்களோ நானா. எனக்கெல்லாம் உள்ள வந்தா மயிர்க்கால் சிலிர்க்குது” என்பாள். சொல்லிவிட்டு, கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணத்தை அந்தச் சின்னங்களுக்கு நடுவிலேயே இடம் பண்ணி வைத்துவிட்டுப் போவாள்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பீர்கள். அலமாரியின் அடித்தட்டில், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு காக்கிச் சட்டை இருந்தது. எல்லாம் அதற்காகத்தான்.

1942 பிப்ரவரி. ஜப்பான்காரன் குண்டு விழாத நாளே இல்லை. அன்று காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது முத்தலிப் சப்பாத்தை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: “தண்ணி நின்னுடுமாம். குழாயில ரெண்டு வாளி புடிச்சு வை, சல்மா.” உம்மு சல்மா சரி என்றாள். கலியாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அவர் சொன்ன பேச்சுக்கு அவள் ஒருநாளும் மாற்றுச் சொன்னதில்லை. கேலி மட்டும் செய்வாள். அன்றைக்குக் கேலிகூடச் செய்யவில்லை.

சாயங்காலம் அவர் திரும்பியபோது தெருக்குழாய் இருந்த இடத்தில் பள்ளம். அதன் விளிம்பில் அவர் வீட்டு வாளிகள் இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்கள். அங்கே வராந்தா முழுக்க ஆட்கள். அவர் அவளைக் கண்டுபிடித்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மேலே ஒரு காக்கிச் சட்டை போர்த்தியிருந்தது.

“ஒரு பட்டாளத்துக்காரன் தூக்கிட்டு வந்தான். நம்ம இந்தியாக்காரன்தான். தன் சட்டையைக் கழட்டிப் போத்திட்டுப் போயிட்டான்” என்றார் அங்கே வேலை செய்தவர். “வரும்போது பேசிக்கிட்டேதான் வந்துச்சு அந்தப் பொண்ணு.”

பேசிக்கொண்டே வந்தாளாம். அந்த ஒரு வார்த்தைதான் முத்தலிபின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. என்ன பேசினாள்? ‘அவர் தண்ணி புடிக்கச் சொன்னாரே, அதனாலதானே’ என்று சொன்னாளா? அவரை நொந்துகொண்டே போனாளா? கேட்டால் சொல்லக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. சட்டை மட்டும் இருந்தது.

சட்டையைத் துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதில் இருந்தது அவளுடைய ரத்தம். கறுத்துக் காய்ந்துபோன கறையோடு அப்படியே வைத்துக்கொண்டார். சட்டையின் தோளில் இரண்டு சின்ன ஓட்டைகள், பித்தளை எழுத்தைக் குத்திய இடம். இரண்டுக்கும் நடுவே ஒன்றே கால் அங்குலம். அந்த ஒன்றே கால் அங்குலத்துக்காக நாற்பத்திரண்டு தோள் எழுத்துகளை வாங்கிவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டு பொருந்தின. இரண்டுமே வட இந்தியப் படைகள். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. வடக்கத்திக்காரன் என்றால் அவள் பேசிய தமிழ் அவனுக்கு எப்படி விளங்கியிருக்கும்?

ஆனாலும் விடவில்லை. கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தில் அழியாத கறுப்பு மையில் ஒரு குறி இருந்தது. மேலே இரண்டு கோடு, மூன்று புள்ளி. கீழே பிறை மாதிரி ஒரு வளைவு. அது ஏதோ படைப்பிரிவின் ரகசியக் குறி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். நோட்டுப் புத்தகத்தில் அதைப் பெரிதாக வரைந்து, பொருந்திய இரண்டில் ஒரு படையில் இருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்த ஒரு கேப்டனுக்கு எழுதிப் போட்டார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆட்களின் பட்டியல் எரிந்துபோயிற்று, ஜப்பான்காரரிடம் பிடிபட்டவர்களில் பலரைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள், அநேகம் பேர் திரும்பவில்லை. இப்படிப்பட்ட குறி எந்தப் பிரிவுக்கும் கிடையாது.

கிராஞ்சியில் புதிதாகத் திறந்த போர் நினைவிடத்துக்கும் போய்வந்தார். அந்த இரண்டு படைகளிலும் செத்தவர்களின் பெயர்களைச் சுவரில் விரல் வைத்து ஒன்று விடாமல் படித்தார். இதில் எவனாகவும் இருக்கலாம், எவனுமே இல்லாமலும் இருக்கலாம். வெயிலில் கல் சுட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அவர் குடையை அதில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை அதிகம். துணியில் பூஞ்சை பிடித்துவிடுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தலிப் காக்கிச் சட்டையை எடுத்து நாற்காலி முதுகில் விரித்துக் காற்றாட வைத்திருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற வழக்கமுள்ள சம்சுன்னிசா, இடியாப்பத் தட்டோடு வந்து நின்றாள். கறையைப் பார்த்தாள். பக்கத்தில், சல்மா காலத்துத் துணிகள் இருந்த பூட்டிய பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தாள்.

“சல்மா ராத்தா மேல கெடந்ததா நானா?”

அவர் தலையசைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தியிடம் கதையைச் சொன்னார். வாளியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. குறியைக் காட்டி, கேப்டன் கடிதத்தைக் காட்டி, “இது எந்தப் படைன்னு தெரிஞ்சுட்டா ஆளைப் புடிச்சுடலாம்” என்றார்.

சம்சுன்னிசா குனிந்து பார்த்தாள். “இது டோபி குறியில்ல?”

“இல்ல தங்கச்சி. இது படைக்குறி.”

“என்ன நானா நீங்க! சேராங்கொட்டைச் சாறு எடுத்து, ஊசியால தொட்டுப் போட்டு, மேல சுண்ணாம்பு தடவுவாங்க. ஆயிரம் தடவை வெளுத்தாலும் போவாது. யாரு வீட்டுத் துணின்னு டோபிக்குத் தெரியணும்ல? உங்க சட்டையை எப்பவாச்சும் திருப்பிப் பாத்திருக்கீங்களா?”

“என் துணியை நானே தொவைச்சுக்குவேன்.”

“ராத்தா இருந்த காலத்துல?”

“அதெல்லாம் அவ பாத்துக்குவா. டோபி வர்றதும் போறதும் எனக்கு எங்க தெரியும்?”

சம்சுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. முத்தலிப் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். கலியாணத்துக்குப் பிறகு தைத்த ஒரு வெள்ளைக் கோட்டு அடியில் இருந்தது. எடுத்துக் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். நான்கு புள்ளி, ஒரு குறுக்குக் கோடு. பட்டாளத்துக்காரன் தோளில் இருந்த ஓட்டையை வைத்து அவன் எந்தப் படை என்று சொல்லத் தெரிந்த மனுஷன், தன் பிடரியில் ஆறு வருஷம் ஒட்டியிருந்த குறியைப் பார்த்ததே இல்லை. சல்மா இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாள்.

அடுத்த நாளே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பட்டாளப் பாசறைகளுக்கு வெளுத்த பழைய டோபிகள் யார் யார் என்று விசாரித்துப் போனார். முதல் ஆள் தெரியாது என்று தலையாட்டிவிட்டார். இரண்டாவது ஆள் பார்த்ததும் சொல்லிவிட்டார்: “மேல உள்ளது சட்டைக்காரனுக்கு. கீழ உள்ள வளைவுதான் தொவைச்சவன். இது அழகப்பன் போடுற அரிவாளு. ஓவன் ரோட்டுக்குப் பின்னால கொடி கட்டியிருக்கும், போய்க் கேளுங்க பாய்.”

ஓவன் ரோட்டுக் கொல்லையில் வரிசையாக வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அழகப்பன் இஸ்திரி மேசையில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு. முத்தலிபைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். முத்தலிப் விஷயத்தைச் சொல்லி நோட்டை நீட்டினார்.

“இது நான் போட்டதில்லீங்க” என்றார் அழகப்பன், நோட்டைச் சரியாகப் பார்க்காமலே.

தொட்டியடியில் நின்ற அவர் மனைவி தங்கம் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். “நீங்க போடாம யாரு போட்டா? இந்த அரிவாளை இப்படி வால நீட்டி வேற எவன் போடுறான்? நீசூன் கேம்புக்குத் தொவைச்சீங்களே, அப்பப் போட்டதுதான் பாய்.”

“சும்மா இரு தங்கம்.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? பாவம், மனுசன் எவ்வளவு ஆசையா வந்திருக்காரு!”

அழகப்பன் அவளைப் பார்க்கவில்லை. “கேம்புல எத்தனையோ பேரு. ஞாபகம் இல்லீங்க பாய். போயிட்டு வாங்க.” குரல் மரியாதையாகத்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து, தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

முத்தலிப் திரும்பி நடந்தார். பதினைந்து வருஷம் தேடி வந்த வழி, ஒரு துணிக்கொடிக்குக் கீழே முடிந்துபோயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் எந்த டின்னையும் திறக்கவில்லை. சனிக்கிழமை சந்தைக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளுத்த சட்டை, வெளுத்த வேட்டியோடு அழகப்பன் நின்றார்.

“வாங்க, உள்ள வாங்க” என்ற முத்தலிப், சட்டென்று நிறுத்தினார். “நான் வீட்டு விலாசம் சொல்லலியே. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“பதினஞ்சு வருசமாத் தெரியும் பாய்.”

அழகப்பன் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, டின்கள், சுவரில் ஒட்டிய வரைபடம், நோட்டுகள். நாற்காலியில் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையில் வந்து அவர் கண் நின்றது.

“இவ்வளவும் அந்தப் பட்டாளத்து ஆளைத் தேடியா?”

“ஆமா.”

“அது பட்டாளத்து ஆளு இல்ல பாய். நான்தான்.”

முத்தலிப் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழகப்பன் நின்றுகொண்டே சொன்னார். நீசூன் கேம்பு காலியாகிவிட்டது. வெளுத்து மடித்த துணிமூட்டையைக் கேட்க ஆள் இல்லை. தங்கம் பச்சைப் பிள்ளையோடு ஓவன் ரோட்டில் தனியாக இருந்தாள். ஊருக்குள் வர வண்டி கிடையாது. பட்டாள லாரி மட்டும்தான் ஓடியது.

“காக்கி போட்டவனைத்தான் ஏத்துவாங்க. மூட்டையில மேலாக்க இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டேன். குடுத்தவங்க துணியை டோபி போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்னு தெரிஞ்சா, அப்புறம் எந்த வீட்டுல துணி போடுவாங்க? தங்கத்துக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“சட்டைக்காரர் யாரு?”

“பேரு தெரியாது பாய். எங்களுக்குக் குறிதான் பேரு. ரெண்டு கோடு, மூணு புள்ளி. துணியை எண்ணி வாங்கிட்டு ஒரு சலாம் வைப்பாரு. அவ்வளவுதான் தெரியும்.”

லாரியிலிருந்து இறங்கி நடந்தபோதுதான் குண்டு விழுந்திருக்கிறது. குழாயடியில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறார். அடுத்து வந்த லாரி நின்றது. “என்னைப் பாத்து நிக்கல பாய். சட்டையைப் பாத்து நின்னுச்சு.”

முத்தலிப் கேட்பதற்கு முன்னே அழகப்பனே சொன்னார்.

“பேசிக்கிட்டேதான் வந்தாங்க. ‘பட்டாளத்து அண்ணே, பட்டாளத்து அண்ணே’ன்னு. நான் இல்லன்னு சொல்லல. டன்லப் ஸ்திரீட்டு, கூடைக்கடை மாடி, கிராணி முத்தலிப்னு நாலு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வச்சாங்க. ‘அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஆனா தண்ணிக்கு வந்தப்ப அடிபட்டேன்னு சொல்லிடாதீங்க. அவருதான் காலையில புடிச்சு வைக்கச் சொன்னாரு. தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. சும்மா தெருவை வேடிக்கை பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க அண்ணே’ன்னாங்க. சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன்.”

கீழே கூடைக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தார்கள்.

“ஆஸ்பத்திரி வராந்தாவுல எடம் புடிச்சுப் படுக்க வச்சேன். ஜப்பான்காரன் வந்துட்டான், காக்கி போட்டவனை விடமாட்டான்னு ஒருத்தன் கத்தினான். சட்டையைக் கழட்டினேன். அவங்க மேல போட்டேன். போத்தினேனா ஒளிச்சேனான்னு கேட்டீங்கன்னா, எனக்கே தெரியாது. சில நாளு போத்தினேன்னு தோணும். சில நாளு இல்லன்னு தோணும். உங்ககிட்டப் பொய் சொல்ல வரல.”

“அப்ப அவ முழிச்சிருந்தாளா?”

“இருந்தாங்க. போங்க, போய்ச் சொல்லுங்கன்னு கையைக் காட்டினாங்க.”

“பதினஞ்சு வருசம்!” முத்தலிபின் குரல் உடைந்து மேலே போனது. “ஓவன் ரோடு எத்தனை தூரம்?”

“நடந்தா பத்து நிமிசம்.” அழகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “மூணாம் நாளே வந்தேன் பாய். நீங்க கீழ கடை வாசல் அஞ்சடி நடைபாதையில உக்காந்திருந்தீங்க. முன்னால அந்த ரெண்டு வாளி. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு பாத்ததும் புரிஞ்சிருச்சு. இனிமே நான் எதைச் சொல்றது? வேடிக்கை பாக்க வந்தாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? தண்ணிக்குத்தான் வந்தாங்கன்னு சொன்னா, சத்தியம் என்னாவுறது? திரும்பிட்டேன். அப்புறம் ஒரு வருசம் போச்சு, ரெண்டு வருசம் போச்சு. சொல்லாம விட்டதே பெரிய தப்பா வளந்து நின்னுச்சு. உங்களைத் தேக்கா மார்க்கெட்டுல பாத்தா எதிர்ப்பக்கமாப் போயிடுவேன்.”

முத்தலிபுக்கு, எழுந்து இந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று தோன்றியது. எழுந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் கோப்பி போட்டார். இரண்டு கோப்பை. அழகப்பன் தரையில் உட்கார்ந்து குடித்தார். முத்தலிபும் கட்டிலிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அவ சொன்னது உங்களுக்கு நல்லா விளங்கிச்சா?” என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

“நம்ம பாசைதானே பாய். ஒரு வார்த்தை விடாம விளங்கிச்சு.”

“அது போதும்.”

போகும்போது அழகப்பன் வாசலில் நின்றார். “அந்தச் சட்டை... கேக்குறதுக்கே கூச்சமா இருக்கு. வெளுத்துத் தரட்டா?”

“வேணாம்” என்றார் முத்தலிப். “அப்படியே இருக்கட்டும்.”

அந்தப் பத்து நிமிஷத் தூரத்தை அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எத்தனை முறை நடந்தார்கள் என்று கேட்டால், அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. தேக்காவில் பார்த்துக்கொண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். எதிர்ப்பக்கம் போவதில்லை. அவ்வளவுதான்.

முத்தலிப் நோட்டில் ‘பட்டாளத்து வீரர், பெயர் தெரியவில்லை’ என்று பதினைந்து வருஷமாய் எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குப் பதிலாக எதையும் எழுதவில்லை. அழகப்பனின் பிழைப்பு அதில் இருந்தது. நாளைக்கு யாராவது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், அடித்த கோட்டை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் மூடியதும் கால்கள் பழக்கத்தில் சுங்கை ரோட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தின. “எங்க சாப் ரெண்டு வாரமா ஆளையே காணோம்? பொண்ணு கிண்ணு பாத்துட்டீங்களா?” என்று கபீர் கூவினான். ஒரு குவியல் பித்தளையை முன்னால் கொட்டினான். முத்தலிப் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நல்ல நல்ல சின்னங்கள். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும், அந்தக் கேள்வி வழித்துணைக்கு ஆள் இருப்பதுபோல் கூடவே வரும். இப்போது சும்மா பித்தளையாக இருந்தது. எழுந்துவிட்டார்.

“என்ன சாப், கெடைச்சிருச்சா?”

“கெடைச்சிருச்சுப்பா.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சிராங்கூன் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினார். பிடாதாரியில் இறங்கி, மையவாடிக்குள் நடந்தார். சல்மாவின் கபர் வேலியோரம் இருந்தது. புல் வளர்ந்திருந்தது. பிடுங்கிப் போட்டார். உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதினார். ஓதி முடித்த பிறகும் கையைக் கீழே இறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“அன்னைக்குத் தெருவை வேடிக்கை பாக்க வெளிய வந்தியாமே சல்மா. வந்து சொன்னாரு அந்த அண்ணன்.” குரல் இறங்கியது. “சரி. நம்பிட்டேன்.”

காற்றுக்கூட இல்லாத மத்தியானம். அதற்கு மேல் அவளிடம் கேட்கவோ சொல்லவோ அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் எழுந்துபோக மனமில்லாமல், ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.